வெட்டுகிறவன் ஓட்டம்

பெற்றவர்கள் வைக்கிற பெயர் ஒன்று, கூடப் பழகுகிறவர்கள் வைக்கிற பெயர் ஒன்று. இரண்டில் பின்னதுதான் ஒட்டிக்கொள்ளும். நாலு பேர் கொண்ட அந்த ஜாஸ் குழுவில் டபுள் பேஸ் வாசித்தவருக்குச் சோப்பு என்று பெயர். யாருக்கும் சோப்புப் போட்டுப் பிழைக்கத் தெரியாத மனிதர். அது தெரிந்திருந்தால் இருபத்தாறு வருஷம் ஒரே வேலையில் ஒரே படியில் நின்றிருக்க மாட்டார். பெயர் வந்தது வாசனையால். ஒத்திகைக்கு வந்ததும் கை கழுவுவார். டீ குடிக்குமுன் கழுவுவார், குடித்தபின் கழுவுவார். ஆளைவிடப் பெரிய அந்த வாத்தியத்தை உறையிலிருந்து எடுக்குமுன் இன்னொரு முறை கழுவுவார். பக்கத்தில் போய் நின்றால் சிவப்பு கார்பாலிக் சோப்பின் நெடி மூக்கைத் துளைக்கும்.

“ஆஸ்பத்திரி ஆபீஸ்ல வேலை. ஃபைல் எல்லாம் ஒரே தூசி, அதான்” என்பார்.

நம்பிவிட்டார்கள். அடுத்தவர் வேலையைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்கிற அளவுக்கு இந்த உலகத்தில் யாருக்கும் அக்கறை கிடையாது. சில சமயம் அதுவும் நல்லதுதான்.

ஆஸ்பத்திரி என்பது நிஜம், ஆபீஸ் என்பது பொய். பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி துவைக்கும் கூடத்தையும் ஜெனரேட்டர் அறையையும் தாண்டினால் தாழ்வாக ஒரு கட்டடம் வரும். பிணவறை. அதில் அவர் உதவியாளர். போஸ்ட்மார்ட்டத்துக்கு வரும் உடலை மேஜையில் கிடத்துவது, கழுவுவது, டாக்டர் சொன்னபடி திறந்து கொடுப்பது, பார்த்து முடித்ததும் தைத்து மூடுவது, மறுபடி கழுவித் துணி சுற்றி உறவுக்காரர்களிடம் ஒப்படைப்பது எல்லாம் அவர் கைதான். நடுவில் எடை பார்க்கிற வேலையும் உண்டு. ஈரல், நுரையீரல், இதயம் என்று ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எண்ணைச் சொல்வார். ஒரு தடவை சொல்லி, முள்ளை மறுபடி பார்த்து, இன்னொரு தடவை சொல்வார். இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. இவர்களை இனி யாரும் நிறுத்துப் பார்க்கப் போவதில்லை, தப்பாக எழுதிவிடக் கூடாது என்று அவராக வைத்துக்கொண்ட ஒழுங்கு அது.

இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை செய்யும்போது முணுமுணுப்பார். சேர்ந்த முதல் நாள், குழாய் சொட்டுகிற சத்தமும் டாக்டரின் பேனா கீறுகிற சத்தமும் தவிர வேறு எதுவும் இல்லாத அந்த அறையில், மேஜையில் கிடந்த கிழவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஆரம்பித்தது. இப்போது பாதி நேரம் முணுமுணுப்பது அவருக்கே தெரியாது. டாக்டரம்மா அவரை ரேடியோ என்று கூப்பிடுவார். “என்ன ரேடியோ, இன்னைக்குப் புதுப் பாட்டா?” என்று கேட்டால்தான் சட்டென்று நிறுத்துவார்.

மறைக்க ஆரம்பித்ததற்கும் ஒரு நாள் இருக்கிறது. மகள் சின்னவளாக இருந்தபோது அவளுடைய தோழி வீட்டுக்குக் கூட்டிப் போனார். நல்ல மனிதர்கள். உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். எங்கே வேலை என்று கேட்டார்கள், சொன்னார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தபோது, அவர் குடித்த கோப்பை குப்பைக் கூடையில் கிடந்தது. விரிசல்கூட இல்லாத கோப்பை, நீலப் பூப் போட்டது. அவர் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? விடுங்க” என்றாள் மனைவி.

ஊர் வாயை மூட முடியாது. தன் வாயை மூடிக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து ஆபீஸ் வேலை.

டபுள் பேஸ் ஆஸ்பத்திரியில் கிடைத்ததுதான். எந்தக் காலத்திலோ ஊழியர் மன்றத்தில் ஒரு இசைக்குழு இருந்ததாம். அதன் மிச்சமாகப் பொருள் அறையில், கால் உடைந்த கட்டில்களுக்குப் பின்னால், இரண்டு தந்தியோடு சாய்ந்து நின்றிருந்தது. இடத்தை அடைக்கிறது என்று மேலாளர் அவர் தலையில் கட்டினார். தானே தடவித் தடவிக் கற்றுக்கொண்டு, பதினொரு வருஷத்துக்கு முன் இந்தக் குழுவில் வந்து சேர்ந்தார்.

குழுவுக்குத் தலைவி டீச்சர். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவர், பியானோ வாசிப்பவர், மெட்டெல்லாம் எழுதுகிறவரும் அவரே. டிரம்ஸ் வாசிப்பவர் டெய்லர். காலம் முழுக்கத் தையல் மெஷினை மிதித்த கால், டிரம்மை மிதிக்கத் தனியாகப் பழக வேண்டியிருக்கவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். டிரம்பெட் வாசிப்பவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஆயுள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருக்கிறார், எங்கேயும் போய்ச் சேர்ந்தபாடில்லை என்று டெய்லர் அவரைச் சீண்டாத நாள் இல்லை.

ஒத்திகை ஞாயிறு மத்தியானங்களில், இரண்டாவது மாடியில் இருந்த டெய்லரின் தையற்கூடத்தில் நடக்கும். கேட்பதற்கு ஒரே ஒரு ஆள் வருவார். லிஃப்ட்காரரின் அண்ணன். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்குவது அவர் தொழில். டீச்சரின் பழைய பியானோவைத் தோள்பட்டையில் கட்டி, அந்தக் குறுகிய படிக்கட்டில் ஒரு கீறல் விழாமல் மேலே கொண்டுவந்தவர் அவர்தான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் பன்னிரண்டு வயதுத் தம்பியை வளர்த்து ஆளாக்கி, அவன் ஆசைப்பட்டான் என்று டிரம்பெட்டும் வாங்கிக் கொடுத்தவர். துணிமூட்டைமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பார். பாதியில் குறட்டை வரும். முடிந்ததும் எழுந்து வந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்குவார். அவர் கைக்குள் போன கை நசுங்காமல் வருவது பெரிய காரியம்.

“சோப்பு, இந்தக் கூட்டத்துலயே சுத்தமான கை உன் கைதான்யா” என்பார்.

அதற்காகத்தான் சோப்பு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை அதுதான். வாரம் முழுக்க அவர் தொட்டவர்கள் யாரும் திரும்பத் தொட்டதில்லை. அந்த மாடியில் கையைப் பிடித்தார்கள், ஒரே தட்டில் கை போட்டுத் தின்றார்கள். வேலை இன்னதென்று தெரிந்தால் அது நின்றுவிடும் என்ற பயம் பதினொரு வருஷமாக அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

ஒரு நாள் டீச்சர் கத்தைத் தாளோடு வந்தார். நகரத்து அருங்காட்சியகத்தில் எகிப்துக் கூடத்தைப் புதுப்பித்துத் திறக்கிறார்கள். அதற்கு ஒரு நீண்ட இசைத்தொகுப்பு வேண்டும், கூடத்திலேயே ஆட்கள் முன்னால் வாசிக்க வேண்டும், அப்படியே பதிவும் செய்வார்கள். ஆறு பகுதி எழுதியிருந்தார்: நதி, பாறை, வெட்டுகிறவன் ஓட்டம், உப்பு, தராசு, விடியல்.

“அது என்ன டீச்சர், மூணாவது?” என்றார் டெய்லர்.

டீச்சருக்கு வகுப்பறை நினைப்பு வந்துவிட்டது. “செத்தவங்க உடம்ப அவங்க பதப்படுத்தி வைப்பாங்க இல்லையா? அதுக்கு இடது விலாவுல ஒரு வெட்டு போடணும். அதுக்குன்னே ஒரு ஆள். கல் கத்தியால வெட்டுவான். வெட்டினதும் என்ன பண்ணுவான் தெரியுமா? ஓடுவான். உயிரக் கையில பிடிச்சுட்டு ஓடுவான். செத்தவங்களோட சொந்தக்காரங்க பின்னாலேயே கல்லெறிஞ்சுக்கிட்டு, திட்டிக்கிட்டு துரத்துவாங்க. ஒரு பழைய கிரேக்கர் எழுதி வெச்சிருக்காரு.”

“அவங்களேதான் வெட்டச் சொல்லுவாங்க, அவங்களே கல்லால அடிப்பாங்களா?” டெய்லர் விழுந்து விழுந்து சிரித்தார். டீச்சரும் சிரித்தார். “ஆமா! வேலையும் ஆகணும், பாவமும் ஒட்டக் கூடாது. சோப்பு, நீங்கதான் ஓடுறவன். பேஸ் ஓடணும். டிரம்பெட்டும் டிரம்ஸும் கல்லெறியணும்.”

சோப்பு சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

அவருக்கு எழுதப்பட்டிருந்தது நாலு சுரம்தான். மூன்று இறங்கும், நாலாவது கொஞ்சம் ஏறி நிற்கும். அதைத் திரும்பத் திரும்ப, வேகமாக வாசிக்க வேண்டும். டிரம்பெட்டின் தாளில் அந்த இடத்தில் சுரமே இல்லை. எட்டு தாளவட்டம் காலியாக விட்டு, நடுவில் ‘கல்’ என்று மட்டும் எழுதியிருந்தது. எப்போது எறிவது, எப்படி எறிவது என்பது வாசிக்கிறவர் இஷ்டம். ஜாஸில் இப்படி விடுவது வழக்கம். லிஃப்ட்காரர் டிரம்பெட்டைத் தூக்கிப் ‘பட் பட்’டென்று எறிந்தபோது சோப்புக்கு நிஜமாகவே முதுகு கூசியது.

அடுத்த ஞாயிறு தராசுப் பகுதி. டீச்சர் விளக்கினார். உடம்பில் மற்றதையெல்லாம் எடுத்துவிடுவார்களாம், இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டுவிடுவார்களாம். செத்தபின் மேலுலகத்தில் அதை ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டில் ஒரு இறகை வைத்து நிறுப்பார்களாம். கனமாக இருந்தால் முதலைத் தலையோடு ஒரு மிருகம் காத்திருக்கும், விழுங்கிவிடும்.

“இதயம் என்ன எடை இருக்கும்? ஒரு கிலோ?” என்றார் லிஃப்ட்காரர்.

“ஆம்பளைக்கு முன்னூறு, முன்னூத்தம்பது கிராம்” என்றார் சோப்பு, தந்தியைத் திருகிக்கொண்டே.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டார். “எங்கேயோ படிச்சேன்.”

“அவ்ளோதானா?” என்று துணிமூட்டையிலிருந்து குரல் வந்தது. அண்ணன் விழித்துக்கொண்டிருந்தார். “ஒரு சுத்தியல் எடைகூட இல்லையே!” என்று சொல்லி நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நிகழ்ச்சிக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிணவறைக்கு ஒரு உடல் வந்தது. வேலை செய்யும் இடத்தில் அலமாரி தூக்கிக்கொண்டு படி ஏறும்போது விழுந்தவர். விழுந்ததால் இறந்தாரா, இறந்ததால் விழுந்தாரா தெரியவில்லை. போஸ்ட்மார்ட்டம் செய்ய வேண்டும் என்று போலீஸ் தாள். துணியை விலக்கினார். அந்தக் கைகளைப் பார்த்ததும் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

தெரிந்தவர்கள் வந்தால் மற்ற உதவியாளரிடம் விட்டுவிடலாம். மற்றவர் அன்று லீவு. டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “முடியலன்னா சொல்லுங்க, நாளைக்கு வெச்சுக்கலாம்” என்றார்.

நாளைக்கு என்றால் வெளியே மரத்தடியில் காத்திருக்கும் தம்பி இன்னொரு நாள் முழுக்க அங்கேயே காத்திருப்பார். “வேணாம்மா. நானே பண்றேன்” என்றார்.

செய்தார். ஒவ்வொன்றாக நிறுத்தார். இதயத்தை வைத்தபோது முள் ஏறிக்கொண்டே போனது. “நானூத்தி அறுபது” என்றார். மறுபடி பார்த்தார். “நானூத்தி அறுபது.” டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். இதயம்தான் முதலில் நின்றிருக்கிறது, அப்புறம்தான் விழுந்திருக்கிறார். பிறகு சோப்பு தைக்க உட்கார்ந்தார். அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு ஒழுங்காக அவர் அதுவரை தைத்ததில்லை. தலைமுடியைக் கழுவித் துவட்டிச் சீவிவிட்டார். கடைசியாக அந்தப் பெரிய வலதுகையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இந்தத் தடவை குலுக்குகிற முறை அவருடையது.

ஒப்படைக்கும்போது தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முகமூடியை மூக்குக்கு மேலே இழுத்தார். தொப்பியைப் புருவம் வரை இறக்கினார். ரப்பர் பூட்ஸ், நீளமான மேலங்கி, கண்ணாடி. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரிந்திருக்காது. தள்ளுவண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். லிஃப்ட்காரர் கதவோரம் நின்றிருந்தார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், முகமூடிக்காரரைப் பார்க்கவே இல்லை. ஆம்புலன்ஸ் வரை முப்பது அடி. வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. இன்னும் பத்தடி போனால் தப்பித்துவிடலாம்.

அப்போது லிஃப்ட்காரர் நின்றுவிட்டார்.

நாலு சுரம். மூன்று இறங்கி, நாலாவது கொஞ்சம் ஏறி. ரொம்ப மெதுவாக, முகமூடிக்குள்ளிருந்து வந்தது. உலகத்தில் நாலே பேருக்குத் தெரிந்த மெட்டு அது. ஐந்தாவதாகத் தெரிந்தவர் வண்டியில் கிடந்தார்.

“சோப்பண்ணே?”

சோப்பு அப்போதுதான் தன் வாயைத் தானே கேட்டார். முணுமுணுப்பு நின்றது. லிஃப்ட்காரர் அவருடைய முகமூடியைப் பார்த்தார், மேலங்கியைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார். அங்கேயே பார்வை நிலைத்துவிட்டது.

“என் அண்ணன அறுத்துட்டு... பாட்டா பாடுறீங்க?”

அதட்டிக்கூடக் கேட்கவில்லை. அதட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். ஆம்புலன்ஸ் கதவு சாத்தி, வண்டி போன பிறகும் சோப்பு அதே இடத்தில் நின்றார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். “தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனி சாண் என்ன, முழம் என்ன. நீங்களே அந்த டீச்சரம்மாகிட்ட சொல்லிடுங்க” என்றாள். அவர் அந்த ஞாயிறு ஒத்திகைக்குப் போகவில்லை. துக்க வீட்டுக்கும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

டீச்சரே ஃபோன் செய்தார். “சோப்பு சார், என்ன ஆச்சு? அவருதான் அண்ணன் போன துக்கத்துல வரல. நீங்களும் வரலன்னா எப்படி?”

அப்படியென்றால் லிஃப்ட்காரர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பொய்யை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். அவருக்கு அலுத்துவிட்டது.

“டீச்சர், நான் ஆபீஸ்ல இல்ல. பிணவறையில இருக்கேன். வெட்டுறதும் தைக்கிறதும்தான் என் வேலை. அவங்க அண்ணனையும் நான்தான்...”

டீச்சர் ஃபோனை வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தார்.

“உங்க முன்னாடி நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேனே” என்றது குரல், உடைந்துபோய். “கல்லெறிவாங்கன்னு. நீங்க எந்திரிச்சுப் போய்க் கை கழுவினீங்க. எனக்குப் புரியல. அந்த மூணாவது பகுதிய எடுத்துடறேன். வேணாம் அது.”

“எடுக்காதீங்க டீச்சர். அவருக்கு யார் மேலயாவது கல்லெறியணும். இருக்கட்டும்.”

டெய்லருக்கு டீச்சர் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் அவர் பிணவறை வாசலுக்கே வந்துவிட்டார், உள்ளே எட்டிப் பார்க்காமல், கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. பையிலிருந்து ஒரு பெரிய நூல்கண்டை எடுத்து நீட்டினார். “மெழுகு போட்ட நூல். இழுத்தாலும் அறாது. நீயும் தைக்கிறவன்னு முன்னாடியே சொல்லியிருந்தா பதினொரு வருஷமா நல்ல நூல் குடுத்திருப்பேனே!” சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தார். பயமும் இருந்தது, பிரியமும் இருந்தது. சோப்புக்கு அது போதும். ஆனால் கல் எறிய வேண்டியவர் இன்னொருவர்.

நிகழ்ச்சி சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. பகலிலேயே ஒலி சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். உயரமான கூடம். கண்ணாடிப் பேழைகளில் மண் ஜாடிகள், ஒரு மரப் படகு, வண்ணம் மங்கிய ஒரு சவப்பெட்டி மூடி. அதன்மேல் ஒரு பெண்ணின் முகம், அகன்ற கண்ணோடு. சோப்பு அந்த முகத்தின் எதிரில்தான் நிற்க வேண்டியிருந்தது. லிஃப்ட்காரர் வருவாரா என்று டீச்சருக்கே தெரியாது. வந்தார். தாடி வளர்ந்திருந்தது. யாரோடும் பேசாமல் டிரம்பெட்டில் நாலு தடவை ஊதிப் பார்த்தார். பிறகு நேராகச் சோப்புவிடம் வந்தார்.

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். போஸ்ட்மார்ட்டம் அறிக்கை. மடித்து மடித்து மடிப்பு கிழிந்திருந்தது.

“இதுல நானூத்தி அறுபதுன்னு போட்டிருக்கு.”

“ம்.”

“நீங்க முன்னூறு, முன்னூத்தம்பதுன்னு சொன்னீங்க அன்னைக்கு.”

“ம்.”

“தப்பா எழுதிட்டாங்களா?”

இருபத்தாறு வருஷத்தில் சோப்பு தப்பாக ஒரு எண்ணும் சொன்னதில்லை. இப்போது ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மனிதர் பத்து நாளாகச் சுமந்து திரியும் கல் இறங்கிவிடும். அவர் வாயைத் திறந்தார். ஆனால் பொய் வரவில்லை.

“இல்ல தம்பி. நான்தான் நிறுத்தேன். ரெண்டு தடவை பார்த்தேன்.”

லிஃப்ட்காரர் கண் கலங்கியது. “அப்போ ஏன் அவ்ளோ கனம்? அவன் ஒருத்தருக்கும் தீங்கு செய்யலையே. எனக்காகத்தான் கல்யாணம்கூடப் பண்ணிக்கல. மனசுக்குள்ள என்ன வெச்சிருந்தான்? என்மேல ஏதாவது வருத்தமா?”

சோப்பு தாளை வாங்கிக்கொள்ளவில்லை. தன் கை பட்டால் அவருக்குப் பிடிக்குமோ என்னவோ. “தம்பி, தூக்குற கை எப்படித் திரண்டு இருக்கும், பார்த்திருக்கீங்கல்ல? இதயமும் சதைதான். அளவுக்கு மீறி வேலை வாங்கினா அதுவும் திரளும், பெருத்துப்போகும். ரத்தக் கொதிப்பு இருந்திருக்கு, வைத்தியம் பார்த்துக்கல. அதோடயே தூக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு. சும்மா உக்காந்திருந்தவன் இதயம்தான் லேசா இருக்கும். நான் எத்தனையோ நிறுத்திருக்கேன். அந்த இறகுத் தராசு வெச்சவன் சுமக்கிறவன் இதயத்தப் பார்த்ததில்ல போல.”

லிஃப்ட்காரர் தாளை மறுபடி மடித்தார். போகத் திரும்பியவர் நின்றார். “அன்னைக்கு ஏன் பாடினீங்க?”

“பாடல. எல்லாருக்கும் முணுமுணுப்பேன். அந்த ரூம்ல தனியா இருக்கக் கூடாதுன்னு. உங்க அண்ணனுக்கு அவர் கேட்ட மெட்டுதான் வந்துச்சு. நானா எடுக்கல.”

லிஃப்ட்காரர் தன் இடத்துக்குப் போய்விட்டார். மன்னித்தாரா, இல்லையா? சோப்புக்குத் தெரியவில்லை. நாலு மணி ஆகிவிட்டது.

கூடம் நிறைந்திருந்தது. நதி நன்றாகப் போனது. பாறையில் டெய்லர் கொஞ்சம் அவசரப்பட்டார், டீச்சர் இழுத்துப் பிடித்தார். மூன்றாவது வந்தது. டீச்சர் ஒரே ஒரு கட்டையை அழுத்தினார், அதுதான் வெட்டு. சோப்பு ஓட ஆரம்பித்தார். மூன்று இறங்கி, ஒன்று ஏறி, மூன்று இறங்கி, ஒன்று ஏறி. விரல் கொதித்தது. முதுகு தானாகக் குனிந்துகொண்டது. காலியாக விட்ட எட்டு தாளவட்டம் நெருங்கியது. எறி, எறிந்துவிடு, அதோடு தீரட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

டெய்லர் முதல் கல்லை எறிந்தார். டிரம்பெட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. டெய்லர் இன்னொன்று எறிந்தார், ஓரக்கண்ணால் பார்த்தார், நிறுத்திவிட்டார். அவ்வளவு பெரிய கூடத்தில் பேஸ் மட்டும் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பதிவைக் கேட்டால் அந்த இடத்தில் ஒருவர் இருமுவதும், ஒரு நாற்காலி நகர்வதும்கூடத் தெளிவாகக் கேட்கும். துரத்த ஆளில்லாமல் எவ்வளவு தூரம் ஓடுவது? சோப்புவின் விரல் தளர்ந்தது. நின்றுவிடுவோம் என்று பயந்தார்.

அப்போது டிரம்பெட் வந்தது. எட்டாவது தாளவட்டத்தில், சத்தத்தை மழுக்கும் அடைப்பானை அதன் வாயில் செருகி, முகமூடிக்குள்ளிருந்து வருவது மாதிரி, நாலு சுரம். ரொம்ப மெதுவாக. பிணவறை வாசலில் முப்பது அடிக்கு வந்த அதே நடை, அதே மூச்சு. கல் எறிய வேண்டிய இடத்தில் லிஃப்ட்காரர் கூட நடந்துகொண்டிருந்தார். சோப்பு ஓட்டத்தைக் குறைத்தார். இரண்டும் சேர்ந்து அந்த நாலு சுரத்தை ஏழெட்டு தடவை சொல்லியிருக்கும். டீச்சர் பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டவர்கள் அது எழுதியே வைத்ததென்று நினைத்தார்கள். சோப்புக்குக் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்க முடியாது, இரண்டு கையும் வாத்தியத்தில்.

மற்ற மூன்றும் எப்படிப் போயின என்று அவரைக் கேட்டால் ஞாபகம் இல்லை என்பார். தராசில் தன் தனிவாசிப்பு வந்தபோது, டீச்சர் எழுதியிருந்ததைவிடக் கனமாக, அழுத்தி வாசித்தது மட்டும் நினைவிருக்கிறது. இறகுக்காகப் பயந்து அவர் எடையைக் குறைக்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் பின்பக்க அறையில் டீ வந்தது. சோப்பு வழக்கப்படி கை கழுவும் தொட்டியைத் தேடிப் புறப்பட்டார். பாதி வழியில் ஒரு கை வந்து அவர் வலதுகையைப் பிடித்தது. அண்ணன் கை அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் பிடி அதே பிடி.

“அன்னைக்கு நாலாவது சுரம் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு, அண்ணே” என்றார் லிஃப்ட்காரர்.

“முகமூடி போட்டிருந்தேன் தம்பி.”

“அந்த மேஜைக்கு என் முறை வரும்போது சரியா பிடிங்க. நீங்கதான் இருக்கணும். வேற யாரும் வேணாம்.”

சோப்பு தலையை மட்டும் ஆட்டினார். டெய்லர் டீக் கோப்பையைக் கொண்டுவந்து அவருடைய இடது கையில் வைத்தார். அன்று டீ குடிக்குமுன் அவர் கை கழுவவில்லை. லிஃப்ட்காரர் கையை விட்டால்தானே.